எங்கள் வீட்டுக் குளிரூட்டியும் அதற்குள் இருக்கும் வாயுவும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளின்போது நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெப்பமும் முதியோர் உடல்நலமும் என்ற விடயத்தைப் பற்றிப் பேசும்படிதான் சங்கத்தினர் என்னைக் கேட்டார்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், உச்சி வெயிலில் வெளியே போகாதீர்கள் என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் அமர்ந்துவிடலாம். அவை உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆகவே அதற்குப் பக்கத்து வீட்டு விடயம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். எங்கள் அறைச் சுவர்களில் பூட்டியிருக்கும் குளிரூட்டி, அதாவது ஏசி, அதற்குள் ஓடும் வாயு இப்போது உலகம் முழுவதும் மாறிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றம் எங்கள் ஊர் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பலருக்கு அது தெரியாமலே வந்துவிட்டது.

என் வகுப்புத் தோழிகள் சிலர் முன்வரிசையில் இருந்து சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது நாங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் ஜாம் போத்தலில் விரலளவு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில்தான். மின்விசிறியே இல்லாத வகுப்பறைகளில் படித்தவர்கள் நாங்கள். எங்கள் அயலில் இன்சுலின் போடும் பெரியம்மா ஒருவர் இருந்தார். மருந்துக் குப்பியை ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமண்ணில் புதைத்து வைத்திருப்பார். ஒரு பொருளைக் குளிராக வைத்திருப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம் என்பதை நான் மருத்துவபீடத்தில் அல்ல, அந்தப் பெரியம்மா வீட்டில்தான் முதலில் கண்டேன். ஆகவே ஏசி பூட்டுவது ஆடம்பரம், அதைக் கழற்றி எறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எண்பது வயதில், இருதய வருத்தத்தோடு, சீமெந்துத் தட்டுப் போட்ட அறையில் சித்திரை மாத இரவைக் கழிக்கும் ஒருவருக்கு அந்த இயந்திரம் மருந்து போன்றது.

மருதனார்மடம் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே எந்தப் பக்கம் போனாலும் வீட்டுச் சுவர்களில் அந்த வெள்ளைப் பெட்டிகளைக் காணலாம். நான் நோயாளரைப் பார்க்கப் போகும் வீடுகளில் பலவற்றில் அவை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பூட்டிக் கொடுத்தவை. நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வரும்போது ஒரு மாதம் இரவும் பகலும் ஓடும். மற்றப் பதினொரு மாதமும், மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து, அம்மா அதைத் தொடுவதில்லை. பிறகு அடுத்த ஆடி வந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு: "தம்பி, பிள்ளையள் வரப்போகினம். ஏசி குளிருதில்லை. ஒருக்கா வந்து காஸ் அடிச்சுவிடுங்கோ."

இந்தக் கடைசி வசனத்தைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாகப் பேசப்போகிறேன்.

ஊசி போடுவதற்கு முன் தாதி உங்கள் கையில் ஸ்பிரிற் தடவுவார். அந்த இடம் சில்லென்று குளிரும். ஸ்பிரிற் குளிரான பொருள் அல்ல. அது ஆவியாகும்போது உங்கள் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். ஏசியும் அதைத்தான் செய்கிறது. அறைக்குள் இருக்கும் பெட்டியில் ஒரு திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தை உறிஞ்சும். செப்புக்குழாய் வழியே வெளிப்பெட்டிக்குப் போனதும் கொம்பிரசர் அதை அழுத்தும். அழுத்தப்பட்ட வாயு வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகி உள்ளே வரும். வெளிப்பெட்டிக்கு அருகே நின்றால் அனல் அடிப்பது உங்கள் அறையின் வெப்பம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வாயு எரிவதில்லை, கரைவதில்லை, செலவாவதும் இல்லை. பெற்றோல் போலவோ சமையல் காஸ் போலவோ தீர்ந்துபோகும் பொருள் அல்ல அது. மூடிய குழாய்க்குள் ஒரே வாயு சுற்றிச் சுற்றி வருகிறது. ஒழுங்காகப் பூட்டிய இயந்திரத்துக்கு அதன் ஆயுள் முடியும்வரை ஒரு தடவைகூட வாயு சேர்க்க வேண்டியதில்லை. "காஸ் முடிஞ்சுபோச்சு" என்று யாராவது சொன்னால், எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது என்பதே அதன் பொருள். குருதி குறைந்த நோயாளிக்கு, இரத்தம் எங்கே போகிறது என்று பாராமல் வருடா வருடம் இரத்தம் ஏற்றினால் என்னை நீங்கள் என்ன சொல்வீர்கள்? பல வேளைகளில் ஓட்டைகூட இராது. வடிகட்டியில் ஒரு வருடத் தூசி அடைத்திருக்கும், வெளிப்பெட்டிக்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவினால் குளிரும்.

சரி, போன வாயு எங்கே போகிறது? காற்றில். அங்கே அது என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சிறு கதை சொல்ல வேண்டும்.

ஆரம்பகாலக் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்தவை அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதைல் குளோரைட்டு போன்ற நச்சுப்பொருட்கள். குழாய் கசிந்தால் வீட்டில் உள்ளவர்கள் உறக்கத்திலேயே இறந்தார்கள். பெர்லினில் ஒரு குடும்பம் இப்படி மாண்ட செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்ரைனும் சிலார்டும் பாதுகாப்பான குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வடிவமைக்க முயன்றார்கள் என்பார்கள். அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி வேறு வழியில் போனார். அவர் குழுவினர் கண்டுபிடித்த குளோரோபுளோரோகாபன் எரியாது, நஞ்சும் அல்ல. 1930இல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அவர் அந்த வாயுவைத் தானே மூச்சாக இழுத்து, மெழுகுதிரி ஒன்றின் மேல் ஊதி அதை அணைத்துக் காட்டினார். பார்த்தவர்களுக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வானத்தில் அது செய்யும் வேலை தெரிய 44 வருடங்கள் சென்றன. 1974இல் மொலினாவும் ரோலண்டும் இந்த வாயுக்கள் மேல்வளிமண்டலத்தில் சிதைந்து, அவற்றின் குளோரீன் ஓசோன் படையை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேல் ஓசோன் மெலிந்துபோயிருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மறுவருடம் அங்கே போய் அதன் காரணத்தை அளந்து வந்த அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சூசன் சொலமன். அப்போது அவருக்கு வயது 30. விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் தங்கைமார் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1987 செப்டெம்பர் 16ஆம் திகதி மொன்றியல் உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கை 1989 டிசெம்பரில் அதில் இணைந்தது. நாடு எந்த நிலையில் இருந்த வருடம் அது என்பதை எங்கள் வயதினருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்தக் கையொப்பம் நின்றது. இன்று உலகின் எல்லா நாடுகளும் அந்த உடன்படிக்கைக்குள் இருக்கின்றன. வேறு எந்த விடயத்தில் உலகம் இப்படி ஒத்துப்போயிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தாட்டிக்கா ஓட்டை 2066 அளவில் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது விஞ்ஞானிகளின் இப்போதைய கணிப்பு.

குளோரோபுளோரோகாபனை நிறுத்தியபின் அதன் இடத்துக்கு வந்த வாயுக்களில் ஒன்று ஆர்-22. உங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து வருடப் பழைய ஏசி இருந்தால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான். இது ஓசோனைக் குறைந்த அளவில் தாக்கும். எங்களைப் போன்ற நாடுகளில் 2030உடன், பழையவற்றைத் திருத்தும் சிறு அளவைத் தவிர, இது நிறுத்தப்படுகிறது. அதற்கு அடுத்து வந்தது ஆர்-410ஏ. ஓசோனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் இரண்டும் பொல்லாதவை. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ காபனீரொட்சைட்டோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ ஆர்-22 ஏறத்தாழ 1,810 மடங்கு, ஆர்-410ஏ 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இந்த இலக்கங்கள் மனதில் பதியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு வீட்டுக் கணக்கு. சாதாரண அறை ஏசி ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோ வாயு இருக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். ஆகவே ஒரு கிலோ ஆர்-410ஏ கசிந்து போவது 900 லீற்றர் பெற்றோலை எரிப்பதற்குச் சமன். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஐம்பது தடவைக்கு மேல் போய்வரலாம். பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஓட்டையை அடைக்காமல் வருடா வருடம் காஸ் அடிக்கும் வீடு, வருடா வருடம் இந்தப் பயணத்தைப் போய்வருகிறது. நாங்கள் வெப்பம் தாங்காமல் ஏசி போடுகிறோம். அதன் கசிவு அடுத்த வருட வெப்பத்துக்குத் தன் பங்கைச் சேர்க்கிறது.

இதனால்தான் 2016இல் ருவண்டாவின் தலைநகர் கிகாலியில் மொன்றியல் உடன்படிக்கைக்கு ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. இலங்கை 2018இல் அதை ஏற்றது. அதன்படி எங்கள் நாட்டில் இத்தகைய வாயுக்களின் பாவனை 2024இல் உறைநிலைக்கு வந்து, 2029இலிருந்து படிப்படியாகக் குறைந்து, 2045இல் 80 சதவீதம் குறைய வேண்டும். இப்போது கடையில் ஏசி வாங்கப் போனால் உங்களுக்கு ஆர்-32 என்று எழுதிய இயந்திரத்தைக் காட்டுவார்கள். இதன் வெப்பமாக்கும் ஆற்றல் 675 மடங்கு. ஆர்-410ஏயின் மூன்றில் ஒன்று. இன்னொன்று ஆர்-290. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது சமையல் காஸில் இருக்கும் அதே புரொப்பேன். அதன் வெப்பமாக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 2012 முதல் புரொப்பேன் ஏசிகளை விற்று வருகிறது.

"ஐயோ, எரியும் வாயுவைப் படுக்கை அறைக்குள் வைப்பதா?" என்று கேட்பீர்கள். 2021 கடைசியில் நாடெங்கும் சமையல் காஸ் வெடித்த செய்திகளைக் கேட்ட எங்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அளவைப் பாருங்கள். குசினியில் 12.5 கிலோ சிலிண்டரோடு குடியிருக்கிறோம். புரொப்பேன் ஏசியில் இருப்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. வீட்டுக்குப் போய் உங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அண்மையில் வாங்கியதென்றால் ஆர்-600ஏ என்று எழுதியிருக்கக்கூடும். அதுவும் எரியும் வாயுதான், ஐசோபியூற்றேன். இத்தனை நாளும் அதற்குள் கத்தரிக்காய் வைத்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆர்-32 இவற்றைவிடச் சோம்பேறி. தீப்பற்ற அது காற்றில் ஏறத்தாழ 14 சதவீதம் இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் முழு வாயுவும் கசிந்து கலந்தாலும் ஒரு சதவீதமளவே வரும். ஆனால் இவை காற்றைவிடப் பாரமானவை, கசிந்த இடத்தில் தரையோடு தேங்கும். ஆகவே ஏசிக்கு நேர் கீழே விளக்கேற்றி வைக்க வேண்டாம். இவ்வளவுதான் வீட்டில் இருப்பவருக்கு உள்ள ஆபத்து. என் கவலை வீட்டில் இருப்பவரைப் பற்றியது அல்ல.

சில வருடங்களுக்கு முன் நான் கடமையிலிருந்த வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு தம்பியைக் கொண்டுவந்தார்கள். இருபது வயதைச் சற்றுத் தாண்டியிருப்பார். கண்கள் சிவந்து, இருமி இருமி மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏசி திருத்துபவர். யன்னல்கள் பூட்டிய அறைக்குள், குழாயில் மிச்ச ஆர்-22 இருக்கும்போதே சுவாலை விளக்கால் செப்புக்குழாயை ஒட்டியிருக்கிறார். எரியாத வாயு என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. உண்மைதான், அது எரியாது. ஆனால் சுவாலையில் சிதையும். சிதைந்தால் ஐதரோகுளோரிக் அமிலமும் ஐதரோபுளோரிக் அமிலமும் ஆவியாக வரும். சிறிதளவு போஸ்ஜீனும் வரும். முதலாம் உலக யுத்தத்தில் படைவீரரைக் கொன்ற அதே போஸ்ஜீன். அதன் கொடுமை என்னவென்றால், மூச்சிழுத்தவர் முதலில் ஓரளவு தேறியதுபோல் இருப்பார். பல மணித்தியாலம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் அன்றிரவு அவரை வீட்டுக்கு விடவில்லை. அவர் தேறிவிட்டார். ஏன் தம்பி யன்னலைத் திறக்கவில்லை, ஏன் வாயுவை எடுத்துவிட்டு ஒட்டவில்லை என்று கேட்டேன். "வீட்டுக்கார அம்மா இண்டைக்கே முடிக்கச் சொன்னவ டொக்டர். நாளைக்கு அவவின்ர பிள்ளையள் வருகினம்" என்றார்.

வாயு மாறும்போது இந்தத் தம்பிமாரின் கைவேலையும் மாற வேண்டும். ஆர்-410ஏயும் ஆர்-32உம் ஆர்-22ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் ஓடுபவை. பழைய மானியும் பழைய குழாயும் அதற்குப் போதா. ஆர்-22 இயந்திரத்துக்குள் மலிவாகக் கிடைக்கிறதென்று புரொப்பேன் அடிப்பது மிகத் தவறு. தீப்பொறி வரும் ஆளிகளோடு செய்யப்பட்ட இயந்திரம் அது. கசிவு பார்க்கக் குழாய்க்குள் ஒட்சிசன் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். கொம்பிரசர் எண்ணெயோடு அழுத்தமான ஒட்சிசன் சேர்ந்தால் வெடிக்கும். அதற்குரியது நைதரசன். சந்தையில் வரும் போலி வாயு இன்னொரு பயங்கரம். 2011இல் வியட்நாமில் திருத்தப்பட்ட குளிரூட்டிக் கொள்கலன்கள் சில, போலி வாயுவில் கலந்திருந்த மெதைல் குளோரைட்டினால் வெடித்து, அவற்றில் வேலை செய்தவர்கள் உயிரிழந்தார்கள். நூறு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுத் துரத்திய அதே நஞ்சு.

எனவே இங்கே இருக்கும் வீட்டுத்தலைவிகளிடம் என் வேண்டுகோள்: தம்பி வந்ததும் "காஸ் அடியுங்கோ" என்று தொடங்காதீர்கள். "எங்கே கசிகிறது, பாத்துச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். இயந்திரத்தின் தகட்டில் எந்த வாயு, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். அதே வாயுவை, தராசில் நிறுத்து, அதே அளவு போடச் சொல்லுங்கள். புதிதாகப் பூட்டும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றை வக்கும் பம்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். சிலர் உள்ளே இருக்கும் வாயுவையே கொஞ்சம் திறந்துவிட்டு அந்தக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். யன்னலைத் திறந்து வையுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். சான்றிதழ் பெற்ற திருத்துநர் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், ஆடி மாதம் அல்ல, வைகாசியிலேயே ஆளை அனுப்பும்படி.

என் துறையிலும் இதே வாயுக்கள் இருக்கின்றன என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கு அழுத்தி இழுக்கும் பம்புகளில் மருந்தைத் தள்ளிவிடுவது முன்பு குளோரோபுளோரோகாபன். இப்போது பலவற்றில் இருப்பது கார் ஏசியில் உள்ள ஆர்-134ஏ வகை. தூளாக இழுக்கும் மருந்துகளுக்கு வாயுவே தேவையில்லை. சிலருக்கு அது பொருந்தும், சிறு பிள்ளைகளுக்கும் மூச்சை இழுக்கப் பலம் இல்லாதவர்களுக்கும் பொருந்தாது. இதைக் கேட்டுவிட்டு யாரும் பம்பை நிறுத்திவிடாதீர்கள். வாயுக்கணக்கில் உயிரை வைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்னும் ஒரு விடயம், இதுதான் இனி வரும் வருடங்களில் கூடப்போகிறது. பழைய ஆர்-22 இயந்திரங்களைக் கழற்றிப் புதியவை பூட்டுகிறோம். கழற்றியது எங்கே போகிறது? பழைய இரும்பு வாங்குபவர் செப்புக்குழாயைக் குறட்டால் வெட்டுவார். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் அரை நிமிடம் கேட்கும். பதினைந்து வருடம் கசியாமல் காத்த ஒரு கிலோ வாயுவும் அந்த அரை நிமிடத்தில் போய்விடும். இயந்திரம் ஓடும் நிலையில் இருந்தால், கழற்றுவதற்கு முன் அதை ஓடவிட்டபடி, உள்ளே உள்ள வாயு முழுவதையும் வெளிப்பெட்டிக்குள் இழுத்து வால்வைப் பூட்டிவிடலாம். திருத்துநருக்கு அது கால்மணித்தியால வேலை. பின்னர் அதை வாயு சேகரிக்கும் சிலிண்டருக்கு மாற்றிச் சுத்திகரித்து மறுபடி பாவிக்கலாம். புது ஏசிக்கு விலை பேசும்போதே பழையதன் வாயுவை எடுத்துத் தருவீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முதலில் கேட்பவரை அவர் வியப்பாகத்தான் பார்ப்பார். இங்கே இருக்கும் இருநூறு பேரும் கேட்டால் அவர் ஒரு சிலிண்டர் வாங்கி வைப்பார்.

எங்கள் சங்கம் இந்த நூற்றாண்டு வருடத்தில் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று செயற்குழுவில் கதைத்தபோது, கணினி அறைக்கு ஏசி பூட்டிக் கொடுக்கும் யோசனையும் வந்தது. நல்ல யோசனை. பூட்டும் நாளில் உயர்தர இரசாயனவியல் மாணவிகளை அங்கே அழைத்து, வக்கும் பம்பையும் மானியையும் தராசையும் அந்தத் திருத்துநரையே கொண்டு விளக்கச் செய்யுங்கள். அவருக்கு அந்த நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள்.

கேள்விகள் இருந்தால் தேநீர் வேளையில் வாருங்கள். இரத்த அழுத்தத்தைப் பற்றியும் கேட்கலாம்.